ஈ.சி.ஜி. 'நோர்மல்' என்றால் நெஞ்சில் ஒன்றுமில்லையா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் அணித் தலைவியர், இளைஞர் அணிப் பிரதிநிதிகள் ஆகியோருக்கான சுகாதார வகுப்பில், சங்கத்தின் சமூக நலப் பிரிவு ஆற்றிய உரை)



சம்பளம், வேலை நாள், சேமலாப நிதி என்று பேசிப் பழகிய இந்த வகுப்பில் இன்று நெஞ்சுவலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. சங்க அலுவலகத்துக்குக் கடதாசியோடு வரும் உறுப்பினர்களில் இரண்டு வகையினரை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். "ஈ.சி.ஜி. எடுத்தாங்க, நோர்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா கொழுந்து தூக்கிக்கிட்டு ஏத்தம் ஏறினா இன்னும் நெஞ்சைப் புடிக்குது" என்பார் ஒருவர். "பெரிய ஸ்கேன் எடுக்கணுமாம், காதுல கெடக்கிறத அடகு வைக்கப் போறேன்" என்பார் இன்னொருவர். முதலாமவர் ஒன்றுமில்லை என்று நம்பி உயிரையே இழக்கக்கூடும். இரண்டாமவர் தேவையில்லாத ஒன்றுக்காகக் கடனாளி ஆகக்கூடும். எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்தால் இருவருக்குமே உதவலாம்.

நாங்கள் வைத்தியர்கள் இல்லை. எந்தப் பரிசோதனை செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர்தான். ஆனால் அவர் முன் உட்கார்ந்து சரியான கேள்வியைக் கேட்பது நம்முடைய உரிமை. அதற்குத் தேவையானதைத்தான் இன்று பேசுகிறோம்.

முதலில் ஓர் அவசர விதி

சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுக்கி, 15 நிமிடம் ஆகியும் விடவில்லை என்றால், அல்லது நெஞ்சுவலியோடு குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் எந்தப் பரிசோதனை நல்லது என்று யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. 'கேஸ்' என்று சொல்லிச் சோடா குடிக்கக் கொடுத்துப் படுக்க வைக்கவும் கூடாது. உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். லயனுக்கு வாகனம் வர வழியில்லாவிட்டால் ஆளைத் தூக்கிக்கொண்டு பிரதான பாதைக்கு வாருங்கள், நடக்க விடாதீர்கள். இனி நாம் பேசப்போவது இப்படித் திடீரென்று விழுபவரைப் பற்றி இல்லை. ஏற்றம் ஏறும்போது வலித்து, நின்றால் விட்டுவிடும் வலியோடு மாதக்கணக்காக வேலைக்குப் போகிறவரைப் பற்றித்தான்.

வலி எங்கிருந்து வருகிறது?

இருதயம் ஒரு தசை. உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்களுக்கு முடியுரு நாடிகள் என்று பெயர். புகையிலை, கூடிய பிரஷர், சீனி வருத்தம், இரத்தத்தில் கூடிய கொழுப்பு, வயது, குடும்ப வழி ஆகியவற்றால் அந்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை ஒடுங்குகிறது. சும்மா இருக்கும்போது ஒடுங்கிய பாதையில் வரும் இரத்தமே போதும். கூடையோடு மலை ஏறும்போது இருதயம் வேகமாக அடிக்கிறது, அதற்குக் கூடுதல் இரத்தம் தேவைப்படுகிறது. ஒடுங்கிய குழாயால் அதைக் கொடுக்க முடிவதில்லை. அப்போதுதான் நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் சில நிமிடங்களில் விடுகிறது.

இதனால்தான் வைத்தியர் மூன்று விஷயங்களைக் கேட்பார். வலி நடு நெஞ்சில் இறுக்கமாக வந்து தோள், கை, தாடைக்குப் போகிறதா? வேலை செய்யும்போது வருகிறதா? ஓய்வெடுத்தால் விடுகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் நோய் இருக்கும் வாய்ப்புக் கூடுதல். ஒன்றுக்கு மட்டும் 'ஆம்' என்றால் வாய்ப்புக் குறைவு. பெண்களுக்கு வலியை விட மூச்சு வாங்குதல், முதுகு வலி, அளவுக்கு மீறிய களைப்பு முன்னே நிற்கலாம். எனவே "நெஞ்சு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. "எட்டாம் நம்பர் மலை ஏறும்போது பாதி வழியில் வருகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் போகிறது" என்று சொல்ல வேண்டும். எந்த மெஷினுக்கும் முந்திய பரிசோதனை இதுதான். இதற்குச் செலவும் இல்லை.

படுத்தபடி எடுக்கும் ஈ.சி.ஜி.

படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி., லொறி நிற்கும்போது என்ஜின் சத்தத்தைக் கேட்பது போன்றது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது வரும் கோளாறு அதில் தெரிய வேண்டும் என்பதில்லை. வேலை செய்யும்போது மட்டும் வலி வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி. சாதாரணமாகவே இருக்கும். ஆகவே 'நோர்மல்' என்ற சொல்லுக்கு, "இந்த நேரத்தில், படுத்த நிலையில், மாற்றம் தெரியவில்லை" என்பதுதான் பொருள்.

எக்கோ ஸ்கேன் பற்றியும் இதே குழப்பம் இருக்கிறது. ஓய்வில் எடுக்கும் எக்கோ, இருதயம் எப்படிப் பம்ப் செய்கிறது, வால்வுகள் எப்படி இருக்கின்றன என்பதைக் காட்டும். மிகவும் பயனுள்ளது. ஆனால் அது முடியுரு நாடிகளின் அடைப்பைப் பார்ப்பதற்கான பரிசோதனை அல்ல. எக்கோ நன்றாக இருந்தும் குழாய் ஒடுங்கியிருக்க முடியும்.

பெல்ட்டில் நடக்கும் பரிசோதனை

இருதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்ப்பதுதான் உடற்பயிற்சி ஈ.சி.ஜி. நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஓடும் பெல்ட்டில் நடக்க வைப்பார்கள். பெரும்பாலும் பின்பற்றப்படுவது அமெரிக்க வைத்தியர் ரொபர்ட் புரூஸ் வகுத்த முறை. 10 சதவீத ஏற்றத்தில், மணிக்கு சுமார் 2.7 கிலோமீற்றர் வேகத்தில் ஆரம்பித்து, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். வலி வருகிறதா, ஈ.சி.ஜி. கோடு இறங்குகிறதா, பிரஷர் எப்படி மாறுகிறது, எத்தனை நிமிடம் நடக்க முடிந்தது என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மலை ஏறி இறங்கும் நம் ஆட்களுக்கு இது அந்நியமான வேலை அல்ல.

இந்தப் பரிசோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. இருதயத் துடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உயர வேண்டும். 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 85 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 50 வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு சுமார் 145. முழங்கால் வலியால் நான்காவது நிமிடத்தில் இறங்கிவிட்டவருக்கு 'மாற்றமில்லை' என்று வந்தால், அது நல்ல முடிவு ஆகாது. அது முடிவு காணாத பரிசோதனை. எனவே கேளுங்கள்: "துடிப்பு தேவையான அளவுக்கு ஏறியதா, ஐயா?"

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் பொருந்தாது. நடக்க முடியாதவருக்கும், ஓய்வு ஈ.சி.ஜி.யிலேயே சில வகை மாற்றங்கள் உள்ளவருக்கும் இதனால் பயன் குறைவு. இரத்தச்சோகை உள்ளவருக்கும், நீண்டகாலப் பிரஷரால் இருதயத் தசை தடித்தவருக்கும், குழாயில் அடைப்பு இல்லாமலே கோடு மாறலாம். பெண்களுக்கு இப்படிப் பொய்யாக 'நோய்' என்று வருவது கூடுதல். இரத்தச்சோகையே களைப்பையும் மூச்சு வாங்குதலையும், சிலருக்கு நெஞ்சுவலியையும் கொண்டுவரும் என்பதால், இரத்தத்தைப் பரிசோதித்தாயிற்றா என்று முதலில் கேட்பது நல்லது.

படம் எடுக்கும் பரிசோதனைகள்

இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, இருதயத்துக்கு வேலை கொடுத்துவிட்டுப் படம் எடுப்பது. நடந்த பிறகோ, நடக்க முடியாதவருக்கு ஊசி மருந்தால் துடிப்பைக் கூட்டியோ எக்கோ எடுத்து, தசையின் எந்தப் பகுதி சோர்கிறது என்று பார்ப்பார்கள். கதிர்வீச்சுள்ள மருந்தைச் செலுத்தி, இரத்தம் சேராத பகுதியைப் படம் எடுப்பதும் இந்த வகைதான்.

இரண்டாம் வகை, குழாயையே படம் எடுப்பது. சி.டி. அஞ்சியோகிராம் இதைச் செய்கிறது. கை நரம்பில் அயடின் கலந்த சாயத்தை ஏற்றி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சில விநாடிகளில் படம் எடுப்பார்கள். படம் தெளிவாக இருக்கத் துடிப்பு மெதுவாக இருக்க வேண்டும், அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு சாயத்துக்கு ஒவ்வாமை வந்தவர்கள், கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வயதானவர்களின் குழாயில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால் படம் மங்கி, உள்ளதை விடப் பெரிய அடைப்பு இருப்பது போலக் காட்டலாம்.

மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம் வேறு. அது வைத்தியசாலையில் அனுமதித்துச் செய்யப்படுவது. மற்றப் பரிசோதனைகள் பலமான சந்தேகத்தைக் காட்டிய பிறகே பொதுவாக அதற்குப் போவார்கள்.

எது எவ்வளவு சரி?

2018இல் ஐரோப்பிய இருதய வைத்திய சஞ்சிகையில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்து இதைக் கணக்கிட்டது. குழாயில் குறிப்பிடத்தக்க அடைப்பு உள்ள 100 பேரில் 58 பேரை உடற்பயிற்சி ஈ.சி.ஜி. கண்டுபிடித்தது, சி.டி. அஞ்சியோகிராம் 97 பேரைக் கண்டுபிடித்தது. அடைப்பு இல்லாத 100 பேரில் உடற்பயிற்சி ஈ.சி.ஜி. 62 பேருக்கும், சி.டி. 78 பேருக்கும் 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. வேலை கொடுத்து எடுக்கும் எக்கோவுக்கு இந்த எண்கள் 85, 82.

இதைக் கேட்டதும் "அப்படியானால் எல்லோரும் சி.டி.க்குப் போகலாமே" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புகையிலையும் சீனி வருத்தமும் உள்ள, 60 வயதைக் கடந்த, மூன்று கேள்விக்கும் 'ஆம்' சொன்ன 100 ஆண்கள். அவர்களில் 60 பேருக்கு அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடற்பயிற்சி ஈ.சி.ஜி. 35 பேரைப் பிடிக்கும், 25 பேரைத் தவற விடும். அடைப்பு இல்லாத 40 பேரில் 25 பேருக்கு 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். அதாவது 'இல்லை' என்று துண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் 50 பேரில் 25 பேருக்கு நோய் இருக்கும். இவர்களுக்குச் சி.டி. எடுத்தால் 'இல்லை' என்று வருவது சுமார் 33 பேருக்கு, அதில் தவறிப்போகிறவர் 2 பேர்தான்.

இனி, பக்கவாட்டில் குத்துகிறது என்று வரும், வேறு எந்த ஆபத்துக் காரணியும் இல்லாத 100 இளம் பெண்கள். அவர்களில் 5 பேருக்கு அடைப்பு என்று வைப்போம். உடற்பயிற்சி ஈ.சி.ஜி. 3 பேரைப் பிடிக்கும். ஆனால் நோயில்லாத 36 பேருக்கும் 'இருக்கிறது' என்று சொல்லும். அந்த 36 குடும்பங்களும் பயந்து, அடுத்த பரிசோதனைக்குக் கடன் தேடும்.

ஆக, ஒரே மெஷின், ஒரே துண்டு. ஆளைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. நோய் இருக்கப் பெரிய வாய்ப்புள்ள ஒருவருக்கு 'நோர்மல்' என்று வந்தால் அதோடு நிறுத்தக் கூடாது. வாய்ப்பு மிகக் குறைந்தவருக்குப் பரிசோதனையே தேவைப்படாமல் இருக்கலாம். இவை தெரிந்துதான் பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி 2010இல், முன்பு இருதய நோய் கண்டறியப்படாதவர்களுக்கு நோயைக் கண்டறிய உடற்பயிற்சி ஈ.சி.ஜி. வேண்டாம் என்றது, 2016இல் சி.டி.யை முன்னுக்கு வைத்தது. அங்கே மெஷின் இருக்கிறது. நம் பக்கத்து வைத்தியசாலைகளில் கைக்கெட்டுவது பெல்ட் பரிசோதனை என்றால், அதை வேண்டாம் என்று தள்ளவும் கூடாது, அதன் எல்லையை மறக்கவும் கூடாது.

பெரிய மெஷின் உயிரைக் காக்குமா?

2015இல், வட அமெரிக்காவில் 10,003 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. பாதிப் பேருக்குச் சி.டி., மீதிப் பேருக்கு உடற்பயிற்சி ஈ.சி.ஜி. உள்ளிட்ட வேலை கொடுக்கும் பரிசோதனைகள். சுமார் இரண்டு ஆண்டுகளில் மரணமும் மாரடைப்பும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், நடக்கக்கூடிய 824 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். வெறும் பெல்ட் பரிசோதனையோடு ஆரம்பித்தவர்களும், கதிர்மருந்துப் படமும் சேர்த்து எடுத்தவர்களும் இரண்டு ஆண்டுகளில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பெல்ட்டோடு ஆரம்பித்தவர்களுக்குச் செலவு குறைவு. நடக்கத் தெம்புள்ள நம் சகோதரிகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கம், ஸ்கொட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் ஐந்தாண்டு முடிவைச் சொன்னது. வழக்கமான கவனிப்போடு சி.டி.யும் எடுத்தவர்களில் 2.3 சதவீதத்தினர் மாரடைப்புக்கு ஆளானார்கள் அல்லது முடியுரு நாடி நோயால் இறந்தார்கள். சி.டி. எடுக்காதவர்களில் அது 3.9 சதவீதம். படம் எடுத்ததால் மட்டும் யாரும் பிழைக்கவில்லை. படத்தில் கொழுப்புப் படிவைப் பார்த்ததால் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் அஸ்பிரினும் கூடுதலான பேருக்குச் சரியாக ஆரம்பிக்கப்பட்டன. இந்த நன்மைக்கு அதையே முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள்.

2020இல் வெளியான 5,179 பேரின் பன்னாட்டு ஆய்வையும் சொல்ல வேண்டும். வேலை கொடுக்கும் பரிசோதனையில் கணிசமான இரத்தக் குறைவு தெரிந்தவர்களுக்கு, உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததாலும், மருந்தோடு ஆரம்பித்துத் தேவைப்பட்டால் மட்டும் அங்கே போனதாலும், மரண எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அடிக்கடி வலி இருந்தவர்களுக்கு ஸ்டென்ட் கூடுதல் நிம்மதி தந்தது. பிரதான இடக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும், புதிதாக மாரடைப்பு வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை. அவர்கள் நிலை வேறு. மற்றவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், பரிசோதனை முடிவைப் பார்த்த அன்றே பயத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை என்பதுதான். மருந்தை ஆரம்பித்து, அரச வைத்தியசாலையின் இருதயக் கிளினிக்கில் ஆலோசனை கேட்க நேரம் இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

தலைவர்கள் செய்யக்கூடியவை

உங்கள் டிவிஷனில் யாராவது ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், "வயசாகுது" என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும் முன் உட்கார வைத்து, வலியின் கதையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த வேலையில் வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, வர வரக் கூடுகிறதா. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதக்கூடிய இளைஞர்கள் இதற்கு உதவ வேண்டும். மொழி தெரியாமல் "நெஞ்சு" என்று கையைக் காட்டிவிட்டு வருகிறவருக்கு ஈ.சி.ஜி.யோடு பரிசோதனை முடிந்துவிடும்.

வைத்தியரிடம் கேட்க நான்கு கேள்விகள்: எனக்கு இந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இந்தப் பரிசோதனை 'நோர்மல்' என்று வந்தால் அதோடு நிறுத்தலாமா? அரச வைத்தியசாலையில் இதைச் செய்ய முடியுமா, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? அதுவரை என்ன மாத்திரை, என்ன வேலை செய்யக் கூடாது?

பெல்ட் பரிசோதனைக்குப் போகிறவர் இலேசாகச் சாப்பிட்டு, நடக்க வசதியான உடுப்பும் காலுக்குப் பொருந்தும் சப்பாத்தும் போட்டுப் போக வேண்டும். சேலையோடும் இரப்பர் செருப்போடும் அந்த ஏற்றத்தில் நடப்பது சிரமம். குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பரிசோதனைக்கு முன் எதை நிறுத்துவது என்பதை அவர்களிடமே கேளுங்கள். வலி முன்பை விட அடிக்கடி வந்தாலோ, சும்மா இருக்கும்போதே வர ஆரம்பித்தாலோ, பரிசோதனைத் திகதி வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

எந்தப் பரிசோதனையில் எந்த முடிவு வந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் பீடி, சிகரெட்டையும் விட வேண்டும். பிரஷர், சீனி மாத்திரைகளை நாள் தவறாமல் எடுக்க வேண்டும்.

சங்கத்தின் கோரிக்கைகள்

இவை எல்லாம் தெரிந்திருந்தும், கிளினிக்குக்குப் போனால் அன்றைய பெயர் போய்விடும் என்றால் யார் போவார்? ஆகவே நிர்வாகங்களுடன் பேசும்போது இவற்றையும் வைக்கிறோம். கிளினிக் அட்டையும் பரிசோதனைத் திகதியும் காட்டும் தொழிலாளிக்கு அந்த நாளுக்குப் பெயர் போட வேண்டும். பரிசோதனை முடியும் வரை அவரைச் செங்குத்தான மலைக்கும் பாரம் சுமக்கவும் அனுப்பாமல் இலேசான வேலை கொடுக்க வேண்டும். இரவிலும் நோயாளியைக் கொண்டுபோக வாகனம் ஒழுங்காக்கப்பட வேண்டும். அரசிடம் நாம் கேட்பது: தோட்டப் பகுதிகளுக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைகளில் உடற்பயிற்சி ஈ.சி.ஜி.யும் எக்கோவும் ஒழுங்காக நடக்க வேண்டும், மாவட்டத்துக்குள்ளேயே சி.டி. அஞ்சியோகிராம் எடுக்க வழி வேண்டும், கிளினிக்குகளில் தமிழில் பேச ஆள் வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் டிவிஷனில் நெஞ்சுவலிக்காகக் கிளினிக் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் ஈ.சி.ஜி.க்கு மேல் எந்தப் பரிசோதனைக்கும் அனுப்பப்படவில்லை, எத்தனை பேர் பெயர் போகும் என்று திகதியைத் தவற விட்டார்கள் என்ற கணக்கைக் கொண்டுவாருங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தக் கணக்கோடுதான் நாம் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரப் போகிறோம்.